அன்று நீ வராந்தாவில் இருக்க வேண்டாம்

தம்பி,

நீ போனை வைத்ததும் உன் அப்பா கேட்டார், "என்ன சொல்றான்?" ஆபரேஷன் அன்றைக்கு லீவு போடுகிறானாம் என்றேன். "நல்லதுதான. பக்கத்துல இருப்பான்," என்றார். அவருக்கு அது சரியாகப் பட்டது. எனக்குப் படவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தலையின் இடது பக்கம், காதுக்கு மேலே, உள்ளே இருக்கும் ஒரு சிறு பகுதியை எடுக்கப் போகிறார்கள். என் வலிப்பு அங்கேதான் தொடங்குகிறது. எடுத்ததில் ஒரு பங்கு நீ வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வரும். நான் சம்மதம் கொடுத்துவிட்டேன். அது வரும்போது நீ அங்கே இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அல்ல. நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பது.

போனில் சொன்னால் நீ "விடும்மா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். நாம் இருவரும் அப்படித்தான். எழுதினால் விட முடியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. இடது பக்கம் என்பதால் ஆபரேஷனுக்குப் பிறகு பேர்கள், சொற்கள் கொஞ்ச காலம் தாமதமாக வரலாம் என்று டாக்டர் சொன்னார். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் தமிழ் படித்தவள். கடைசி செமஸ்டர் முடிப்பதற்குள் நீ வயிற்றில் இருந்தாய். அதன் பிறகு எம்.ஏ.வைத் தபாலில் முடித்தேன். சொற்களைத் தவிர எனக்கென்று பெரிதாக எதுவும் சேர்த்ததில்லை. அவை கையில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எல்லோரும் படிக்கும் இடத்தில் போடுகிறேன் என்று கோபப்படாதே. நம் பக்கத்தில் வலிப்பை மறைத்துத்தான் பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். உன் மேசைக்கு வரும் ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது ஒருவர் இதைப் படிக்கட்டும்.

நான் விழுகிறவள் இல்லை. வாயில் நுரை வருகிறவளும் இல்லை. அதனாலேயே பலர் இதை வலிப்பு என்று நம்பவில்லை. கண் திறந்தபடி இருக்கும். வாய் எதையோ மெல்லும். கை, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடரப் பார்க்கும். நான் மட்டும் இருக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வருவேன். எங்கே போனேன் என்று தெரியாது. போனதே தெரியாது. எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன்.

செராமிக் எஸ்டேட்டில், பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் சேர்ந்த புதிதில் என்னைச் சூளைப் பக்கம் விடவில்லை. கண் எழுதும் வேலை கொடுத்தார்கள். வெள்ளை முகங்கள் பலகையில் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண், இரண்டு புருவம், ஒரு வாய். ஒரு நாள் எனக்கு வந்து போனது. திரும்பி வந்து பார்த்தால் கையில் இருந்த பொம்மையின் கன்னத்தில் கண். நெற்றியில் கண். கழுத்தில் கண். சில வெறும் வட்டங்கள், சில கோடுகள். ஆனாலும் கண்கள்தான். பக்கத்துப் பலகையில் இருந்த செல்வி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முதலாளி, இத விக்காதீங்க. வாசல்ல கட்டுங்க. ஊரு கண்ணு அத்தனையும் இதுவே வாங்கிக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி அதைச் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்து, தன் மேசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் இல்லாதபோது என் கை என்ன செய்தது என்பதற்கு வெகுகாலம் இருந்த ஒரே பதிவு அதுதான்.

உனக்கு நினைவிருக்காது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாய். பக்கத்து வீட்டு அக்கா தயிருக்கு உறை வாங்க வந்தாள். வாசலில் நீ நின்று வழியை மறித்தாய். "அம்மா வெளிய போயிருக்காங்க." அவள், "பின்னாடி நிக்கிறாங்களேடா," என்றாள். நீ திரும்பிப் பார்த்தாய். "அவங்க இன்னும் வரல. இருங்க, வந்துடுவாங்க," என்றாய். அந்த அக்கா இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. என் நோயை அதைவிடச் சரியாக எந்த டாக்டரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மாத்திரைகள் மாறின. கொஞ்ச நாள் கேட்கும். பிறகு கேட்காது. நீ மேல்படிப்புக்குப் போனாய், மூளை என்றாய், ஆய்வு என்றாய். ஒரு விடுமுறையில் வந்து, "ம்மா, இதுக்கு ஆபரேஷன் இருக்கு. எல்லாருக்கும் முடியாது. முடியுமான்னு பாக்கத்தான் டெஸ்ட்டு," என்றாய். நான் வரவில்லை என்றேன். காரணம் கேட்டாய், சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கத்திக்குப் பயப்படவில்லை. அந்த டெஸ்ட்டில் காமிரா வைத்துப் படம் பிடிப்பார்கள் என்று நீ சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் பயந்தேன். அந்த நேரத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்தேன். நீ விடவில்லை. உன் பிடிவாதத்துக்காகத்தான் சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அந்த வார்டில் நடந்ததை அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருப்பார். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடது பக்கம் உள்ளே ஓரிடம் சுருங்கியிருக்கிறது என்றார்கள். சுருங்கியிருப்பது படத்தில் தெரியும், வலிப்பு அங்கேதான் தொடங்குகிறதா என்பது படத்தில் தெரியாது. அதற்கு வலிப்பு வரும்போதே மின்சாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு பெண் வந்து என் தலையில் இடம் இடமாகப் பசை வைத்து ஒயர் ஒட்டினாள். மேலே துணி சுற்றினாள். எல்லா ஒயரும் ஒரு பெட்டிக்குள் போயின. எதிர்ச் சுவரில் காமிரா. அப்பா சுற்றி வந்து பார்த்தார். "மேல ஒரு பீங்கான் கப்பு வச்சா நம்ம ஊரு டிரான்ஸ்ஃபார்மருதான்." அவர் கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். வலிப்பு வந்தால் அமுக்க வேண்டும். "விசிலு குடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். பட்டன் பழக்கமில்ல," என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் கண்டக்டர் என்று நான் விளக்க வேண்டியிருந்தது.

மாத்திரையைக் குறைத்தார்கள். காத்திருந்தோம். வரவில்லை.

இதை எப்படிச் சொல்வது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நம் வீட்டில் ஒரே வேண்டுதல்தான். வரக்கூடாது. இப்போது ஒரு வார்டே, அது வர வேண்டும் என்று காத்திருக்கிறது. காலையில் டாக்டர் வந்து, "வந்துச்சா?" என்பார். அப்பா ஏதோ தன் தவறு போல, "இன்னும் வரலீங்க," என்பார். மாலையிலும் அதே கேள்வி, அதே பதில். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இல்லையென்றால் வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு வாருங்கள் என்றார்கள். அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்து, அவர் பஸ் தாண்டிப் போகும் கருவேப்பிலங்குறிச்சிக்கு, உன் அத்தைக்குப் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"அக்கா, ஜெபம் பண்றியா?"

"பண்ணாம? நான் மட்டுமா, அன்பியக் கூட்டத்துல எல்லாருந்தான் சொல்றாங்க. பூசையிலயும் சாமியார் பேரு படிச்சாரு. ஒண்ணும் வராது பாரு."

"நிறுத்து."

"என்னடா?"

"ஜெபத்த நிறுத்துக்கா. எல்லார்கிட்டயும் சொல்லு. வந்தாதான் பதிவு பண்ணுவாங்களாம். நீங்க அங்க ஒக்காந்து வரவுடாம புடிச்சு வச்சிருக்கீங்க."

அத்தை, "வரணும்னு நான் எப்புடிடா மாதாகிட்ட கேப்பேன்? வாயில வருமா?" என்றாள்.

"கேக்க வேணாம். சும்மா இரு. அது போதும்."

"சும்மா இருக்கணுமா? அது எனக்கு வராதே."

பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளும் தன் ஊருக்குப் போன் போட்டாள்.

அத்தை உண்மையாகவே நிறுத்தினாளா என்று தெரியாது. மறுநாள் மத்தியானம் வந்தது. நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்து எனக்குத் தெரிவது, கையில் சாவிக்கொத்து இருந்ததும் ஒரு நர்ஸ் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்ததும்தான். "அண்ணே, பட்டன் எங்க? சாவிய எதுக்குக் கையில திணிக்கிறீங்க?" அப்பா பட்டனைக் கட்டிலில் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து என் கைக்குள் வைத்திருக்கிறார். கைக்கு இரும்பு கொடுத்தால் நிற்கும் என்று ஊரில் செய்வதுதான். அதனால் எதுவும் நிற்பதில்லை என்று நீ அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். "தெரியும்மா. கை போயிடுச்சு," என்றார் நர்ஸிடம். பட்டன் இல்லாவிட்டாலும் பெட்டி எல்லாவற்றையும் பதிந்திருந்தது.

டாக்டர் திரையில் காட்டினார். ஒரு பாதியில் கோடுகள். இன்னொரு பாதியில் நான். கோடுகள் மெல்ல அசைந்துகொண்டு போகின்றன. நான் பழம் உரிக்கிறேன், அப்பாவிடம் ஏதோ பேசுகிறேன். "இங்க பாருங்க," என்று ஒரு கோட்டைத் தொட்டார். இடது காதுக்கு மேலே ஒட்டிய ஒயரின் கோடு. அதில் மட்டும் ஒரு நடுக்கம். பிறகு பக்கத்துக் கோட்டில். பிறகு அதற்கும் பக்கத்தில். திரையில் நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அது தொடங்கிவிட்டது. எத்தனையோ வருஷமாக நான் தேடிய இடம் ஒரு விரல் அகலத்தில் இருந்தது. நான் நினைத்தது போல அங்கே இருட்டு இல்லை. வேலை நடந்துகொண்டிருந்தது. தேவைக்கு மேல் நடந்துகொண்டிருந்தது.

பிறகு என் முகம். நான் பயந்த முகம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தூரத்தில் எதையோ கேட்பவளின் முகம். அவ்வளவுதான். ஆனால் வீடியோவில் சத்தமும் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா என் கையில் சாவியை வைத்து, மேலே தன் கையை மூடிக்கொண்டு, சன்னமாக என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார். "குறிச்சி தாண்டியாச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான். கம்பிய நல்லாப் புடிச்சுக்க. வந்துட்டோம். இதோ வந்துட்டோம். எறங்கிடலாம்."

வெளியே வந்து கேட்டேன், "எப்பவும் இத சொல்வீங்களா?"

"எத?"

"குறிச்சி தாண்டியாச்சுன்னு."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "வேற என்ன சொல்றது. எனக்குத் தெரிஞ்சது அதான."

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையல்கட்டில், கோயிலில், ஜங்ஷன் பிளாட்பாரத்தில். ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. என்னிடம் சொன்னதை நான் கேட்க ஒரு காமிரா வேண்டியிருந்தது.

இங்கேதான் நீ வருகிறாய். அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரி கேன்டீனில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எடுக்கும் துண்டை என்ன செய்வார்கள் என்று நான் கேட்டேன். பரிசோதனைக்குப் போவது போக மிச்சம் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் என்றாய், மற்றவர்களுடையது வருவது போல. முன்பு ஒரு தரம் இதை எவ்வளவு ஆசையாக எனக்கு விளக்கினாய். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பனிக்கட்டியில் புதைத்த பாட்டிலோடு நிற்பீர்கள். அந்த நீருக்குள் காற்று குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். துண்டு அதில் விழுந்ததும் ஓட வேண்டும். காகிதம் போல மெலிதாகச் சீவ வேண்டும். மை ஊற்றினால், செல் வேலை செய்யும் கணத்தில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு வெளிச்சம் எழுந்து அடங்கும். முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரே ஒரு செல்லைத் தொட்டு அதன் மின்சாரத்தைக் கேட்கலாம். "அது இன்னும் உயிரோட இருக்கும்மா. மறுநாள் வரைக்கும்கூடப் பேசிக்கிட்டே இருக்கும்," என்றாய். உன் காபி ஆறிப் போனது.

இந்தத் தடவை காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "உன்னோடது வேணாம்மா."

"ஏன்டா? மத்தவங்க அம்மாவோடதுன்னா பரவால்லியா?"

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. வெறும் நம்பருதான் வரும்."

"என்னையும் நம்பராப் போட்டுக்க."

"எனக்குத் தெரியுமே."

உன் பேராசிரியர், ஆபரேஷன் அன்று நீ வர வேண்டியதில்லை, வேறொருவர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னதாகப் பிறகு போனில் சொன்னாய். நல்ல மனிதர். அவர் சொன்னதில் தவறில்லை. மகனின் இடம் வராந்தாதான் என்று அத்தையும் சொல்வாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நீ அங்கே இல்லாவிட்டால் என்ன பிள்ளை இவன் என்பார்கள். அதை நான் வாங்கிக்கொள்கிறேன். வராந்தாவுக்கு ஆள் இருக்கிறது. அப்பா இருப்பார். அத்தை ஜெபமாலையோடு வருவாள். இந்தத் தடவை அவளை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

நான் இதை யோசிக்காமல் கொடுக்கவில்லை. கத்தி வைக்கும் டாக்டரிடமே கேட்டேன், ஆய்வுக்குக் கொடுப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெட்டுவீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எடுப்பது அதே அளவுதான் என்றார். இதனால் எனக்கு எந்த நன்மையும் இல்லை என்பதையும் சொன்னார். நீங்கள் பார்ப்பது என்னைக் குணப்படுத்தாது. என்றைக்காவது, பக்கத்துப் படுக்கையில் இருந்த அந்தப் பெண்ணைப் போன்ற ஒருத்திக்கு, தலையைத் திறக்காமலே ஒரு வழி கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். எனக்கு இது போதும் என்றேன்.

நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. அந்தக் கண்ணாடிக் குழாயின் நுனியில் நான் இருப்பேன் என்று நினைக்கிறாய். உன்னை முதன்முதலாகத் தூக்கியது, உனக்குப் பேர் வைத்த நாள், இவை ஏதோ ஒரு செல்லில் வெளிச்சமாக எழுந்து, உன் கண் முன்னால் அணையும் என்று. நான் உன்னிடமே ஒரு முறை கேட்டேன், ஞாபகம் எல்லாம் அதில் படம் போலத் தெரியுமா என்று. நீ சிரித்துவிட்டாய். "படமெல்லாம் தெரியாதும்மா, வெளிச்சம்தான் தெரியும்." அந்தப் பதிலை இப்போது நான் உனக்குத் திருப்பித் தருகிறேன். அந்தத் துண்டில் என் பங்கு கொஞ்சம் இருக்கலாம். இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என்னை என்னிடமிருந்து அழைத்துப் போய்க்கொண்டிருந்ததும் அதுதான். வாசலில் நின்று, "அவங்க இன்னும் வரல" என்று நீ சொன்னாயே, வரவிடாமல் வைத்திருந்தது அதுதான். அதை நேருக்கு நேர் பார்க்க இவ்வளவு நெருங்கி வந்த ஆள் நம் வீட்டில் நீ ஒருவன்தான். அந்த நாளில் நீ லீவு போடுகிறாய்.

வேறொருவர் பார்த்தாலும் நன்றாகத்தான் பார்ப்பார். உன் கைதான் வேண்டும் என்று ஆய்வுக்குக் கட்டாயம் இல்லை. கட்டாயம் எனக்குத்தான். காமிராவுக்குப் பயந்து நான் வருஷக்கணக்கில் என்னைப் பார்க்காமல் இருந்தேன். பார்த்தபோது அங்கே என்ன கிடைத்தது என்று உனக்குச் சொன்னேன். நீ பார்க்கும்போதும் அப்படி ஏதாவது கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். உனக்குக் கிடைப்பது வெறும் வெளிச்சமாக இருக்கலாம், வெறும் கோடாக இருக்கலாம். உன் கை நடுங்கலாம். நடுங்கினால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு உட்கார். யாரும் ஏதும் நினைக்க மாட்டார்கள். ஆனால் அறைக்குள்ளே உட்கார்.

நேரமானால் அது அடங்கிவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அடங்கட்டும். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நான் கட்டுப் போட்ட தலையோடு படுத்திருப்பேன். சொல் வராமல் தடுமாறினால் எனக்காக நீ எடுத்துக் கொடுக்காதே. அப்பா அவசரப்பட்டு எடுத்துக் கொடுப்பார், அவரையும் தடுத்துவிடு. நானே தேடி எடுக்கிறேன். அதுவரை நீ பேசு. என்ன பார்த்தாய், எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் வெளிச்சம் வந்தது என்று சொல். அப்பாவுக்கும் புரிகிற மாதிரிச் சொல்.

காலையில் முதல் ஆபரேஷன் என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். துண்டு வந்துவிட்டால் நீங்கள் யாரும் மேசையை விட்டு எழுந்திருக்க முடியாது. சாப்பிட்டுவிட்டுப் போ.

அம்மா